மியூஸ்ஸ்கோரை ஒரே கோப்பில் நிறுவலாம்

ஹட்டனில் எங்கள் பாடகர் குழுவின் பழைய கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுதான் ஓடுகிறது. ஸ்வரத்தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் வேண்டுமென்றால், உபுண்டுவிலேயே உள்ள மென்பொருள் கடையில் தேடாதீர்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு.

மியூஸ்ஸ்கோர் தளத்திலிருந்து லினக்ஸுக்கான ஆப்இமேஜ் கோப்பை (முழு மென்பொருளும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கிக்கொள்ளுங்கள். மியூஸ்ஹப் (கூடுதல் ஒலிகளை இறக்கித் தரும் செயலி) இல்லாமல் இறக்கும் இணைப்பையே தேர்ந்தெடுங்கள். மியூஸ்ஹப் வழியாக வரும் கூடுதல் ஒலித் தொகுப்புகள் பல ஜிபி இருக்கும். கைபேசி டேட்டாவை நம்பியிருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கூடவே வரும் அடிப்படை ஒலிகளே பயிற்சிக்குப் போதும்.

இறக்கியதை இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. பயந்துவிடாதீர்கள். கோப்பின் மேல் வலது சொடுக்கு, பண்புகள், அங்கே நிரலாக இயங்க அனுமதி கொடுங்கள். அப்புறமும் திறக்காவிட்டால், ஆப்இமேஜ் ஓடத் தேவையான லிப்ஃபியூஸ்2 (libfuse2) என்ற துணை நிரல் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். உபுண்டு 22.04 முதல் அது தானாக வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். எங்களை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது இதுதான்.

சரி, திறந்துவிட்டது. மெனுவிலும் வர வேண்டுமா? டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) கோப்பை இயக்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இன்ஸ்டால் (install) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஐகானும் வந்துவிடும்.

அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வைத்திருங்கள். பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ உள்ள நண்பரின் 64 பிட் லினக்ஸ் கணினிக்கு மறுபடி இறக்க வேண்டியதில்லை.