டாய் ஹாலர் இழுக்கப் போகிறீர்களா? முதலில் எடைக் கணக்கு

டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்; முன்பாதி வீடு, பின்பாதி கராஜ். அதுதான் டாய் ஹாலர். பின்சுவரை இறக்கினால் பைக்கும், மணலிலும் ஓடும் நான்கு சக்கர ஏடிவியும் ஏறும் சாய்தளமாகிவிடும். குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளுக்குப் போனால் நிறையவே பார்க்கலாம். சாதாரண டிரெய்லர் இழுத்துப் பழகியவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். கராஜில் ஏறும் சுமை மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும்.

படி 1: டிரக்கின் ஸ்டிக்கர்

"12,000 பவுண்டு இழுக்கும்" என்று விற்பனையாளர் சொன்னதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லும். அதுதான் பேலோடு. டிரெய்லரின் மூக்கு, டிரக்கோடு அதை இணைக்கும் ஹிட்ச் மேல் அழுத்தும் எடையான டங் வெயிட்டும் இதில்தான் கழியும்.

ஒரு கணக்கு: பேலோடு 1,600 பவுண்டு. டிரெய்லர் 9,000 பவுண்டு. அதில் 13 சதவீதம், அதாவது 1,170, டிரக் மேல் இறங்குகிறது. ஹிட்ச் சாதனம் ஒரு 100. மிச்சம் 330. இரண்டு பேர் ஏறினால் தீர்ந்தது! இழுக்கும் திறன் இன்னும் 3,000 பவுண்டு மிச்சமிருக்க, டிரக் ஓவர்லோடு.

படி 2: டிரெய்லரின் கொள்ளளவு

டிரெய்லரிலேயே ஒட்டியிருக்கும் ஜிவிடபிள்யூஆர் என்ற உச்ச எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை; தண்ணீரும் பெட்ரோலும் அதில் சேரும். தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு, 100 காலன் டேங்க் நிரம்பினால் 830. பெட்ரோல் காலனுக்குச் சுமார் 6.

படி 3: சுமையை வைக்கும் இடம்

டங் வெயிட் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லரின் வால் ஆட ஆரம்பிக்கும். கராஜில் வண்டி ஏறினால் மூக்கு லேசாகும் என்பதால், பல டாய் ஹாலர்களைக் காலியாக இருக்கும்போது மூக்கு கனமாகவே வடிவமைக்கிறார்கள். அதனால் காலி டிரெய்லரில் அளந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வண்டியை முடிந்தவரை முன்னால் தள்ளி, நான்கு மூலையிலும் ராட்செட் ஸ்ட்ராப்பால் தரை வளையங்களோடு இறுக்குங்கள். தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது அச்சுக்கு முன்னால் இருந்தால், தண்ணீர் தீர்ந்து திரும்பும்போது மூக்கு இன்னும் லேசாகிவிடும்.

படி 4: எடை மேடை

டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். பயணத்துக்குக் கிளம்பும் அதே சுமையோடு, டிரெய்லரை மாட்டி ஒருமுறை நிறுங்கள். அப்புறம் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, டிரக்கை மட்டும் நிறுங்கள். இரண்டு மொத்தங்களின் வித்தியாசம் டிரெய்லரின் எடை. டிரக் அச்சுகளில் கூடியிருந்த எடை டங் வெயிட். மூக்கின் எடையைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பகிரும் ஹிட்ச் என்றால் அதன் கம்பிகளைத் தளர்த்திவிட்டு அளந்தால்தான் சரியான எண் வரும்.

படி 5: சாலையில்

டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல். வால் ஆட ஆரம்பித்தால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் வெட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரக்குக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஆட்டம் நின்றதும் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, கராஜ் சுமையை முன்னால் நகர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.