கோடையில் மலையகக் காட்டுப் பறவைகள்: ஒன்றுபோல் தெரிபவற்றை அடையாளம் காண்பது எப்படி?

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நம் இலங்கை மலைக்காட்டில் அது சரிவராது. இலைநிழலில் பச்சை கறுத்துவிடும். பனிமூட்டத்தில் நீலம் சாம்பலாகிவிடும். மாதத்தையும் உயரத்தையும் முதலில் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதல் படி, மாதம். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடிப் பலர் வருவார்கள். ஜூலையில் அது இங்கே கிடையாது, இமயமலைப் பக்கம் போயிருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை கண்ணில் படுபவை அநேகமாக இங்கேயே குடியிருக்கும் பறவைகள்தான். குழம்ப வேண்டிய பெயர்கள் குறைவு என்பதால், தொடங்குகிறவர்களுக்குக் கோடையையே சிபாரிசு செய்வேன்.

இரண்டாவது, இடம். தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டும்போது மலையின் கிழக்குப் பக்கமான ஊவாச் சரிவு பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அன்று பண்டாரவளைப் பக்கத்துக் காட்டோரம் போகலாம். மழை விட்டால் ஹக்கல பூங்காவை ஒட்டிய காடு. அட்டைக்கு நீளமான காலுறை போடுங்கள். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை நல்ல நேரம்.

மூன்றாவது, பைனாக்குலர். 8 × 42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். பறவையை வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி, ஆளை மயக்கும் ஜோடிகள். வெள்ளைக்கண்ணிகள் இரண்டு வகை. கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் இரண்டுக்கும் உண்டு. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதுகைப் பாருங்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய வெள்ளைக்கண்ணிக்கு முதுகு அடர்ந்த, மங்கிய பச்சை. உடலும் சற்றுப் பெரிது. மற்றது தளிர் கொழுந்துபோல மஞ்சள் கலந்த பச்சை. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் கூட்டமாகத் திரிபவை பெரும்பாலும் முதல் வகை. நடுத்தர உயரத்தில் இரண்டும் கலந்திருக்கும், அங்கேதான் பொறுமை வேண்டும். கூட்டம் நிற்காமல் நகரும். ஒரு பறவையை மட்டும் தேர்ந்து, அது வெளிச்சத்துக்கு வரும்வரை விடாமல் தொடருங்கள்.

நீல ஈப்பிடிப்பான்கள் இதைவிட எளிது. நெஞ்சு செம்மஞ்சளாக இருந்தால் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். நெஞ்சும் சாம்பல் நீலமாக, நெற்றியில் மட்டும் நீலம் பளிச்சென்று இருந்தால் இலங்கைக்கே உரிய மங்கிய நீல ஈப்பிடிப்பான்.

கோடையில் ஒரு சிக்கல், குஞ்சுகள். ஈப்பிடிப்பான் குஞ்சு உடலெல்லாம் புள்ளியாக இருக்கும். வேறு இனம் என்றே தோன்றும். பெயர் சொல்ல அவசரப்படாமல் இருபதடி தள்ளி நில்லுங்கள். தாயோ தகப்பனோ இரையோடு வந்தால் விடை தெரிந்துவிடும். வரத் தயங்கினால் நீங்கள் கிட்டத்தில் நிற்கிறீர்கள், இன்னும் பின்னால் போங்கள். போனில் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அழைக்கவே வேண்டாம்.