லென்ஸ் சேர்ப்பதில் பணம் எங்கே கரைகிறது?

என் அலமாரியில் இப்போது மூன்று லென்ஸ்கள் இருக்கின்றன. இந்த மூன்றில் வந்து நிற்பதற்குள் பதினொன்று வாங்கி எட்டை விற்றிருக்கிறேன். ஒவ்வொன்றை விற்கும்போதும் வாங்கிய விலையில் கொஞ்சம் போனது. அந்த எட்டு இழப்புகளையும் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் "அவ்வளவு விலையா?" என்று ஒதுக்கிவைத்த ஒரு நல்ல லென்ஸை அந்தப் பணத்தில் புதிதாகவே வாங்கியிருக்கலாம். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்குச் செலவு எகிறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். பெரிய தொகை என்றால் பத்து தடவை யோசித்துவிடுகிறோம். "மலிவுதானே" என்று யோசிக்காமல் வாங்கிய நாலைந்துதான் சேர்ந்து கையைக் கடிக்கின்றன.

கேமராவோடு வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸ் (இந்த எண்தான் குவியத் தூரம்; சின்னதானால் காட்சி அகலமாகும், பெரிதானால் தூரத்துப் பொருள் அருகில் தெரியும்) பலருக்கு ஒரு மாதத்திலேயே சலித்துவிடுகிறது. அடுத்து என்ன வாங்கலாம் என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நம் கம்ப்யூட்டரில் கிடக்கும் படங்களை. எத்தனை மி.மீ.யில் எடுத்தது, அபெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) என்ன, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) என்ன என்ற விவரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகியிருக்கும். லைட்ரூம் மாதிரியான மென்பொருளில் குவியத் தூரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வருடப் படங்களை அப்படிப் பிரித்தபோது 18இல் பெரிய குவியல் ஒன்று தெரிந்தது. நமக்கு அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ்தான் வேண்டும் போல என்று தோன்றியது. அப்புறம், பிடித்துப்போய் வைத்துக்கொண்டவை, பிரிண்ட் போட்டவை என்று நல்ல படங்களை மட்டும் தனியே எடுத்துப் பிரித்தேன். அந்தக் குவியலையே காணோம். முக்கால்வாசிப் படங்கள் 30க்கும் 40க்கும் நடுவில் இருந்தன. 18இல் இருந்தவையெல்லாம் பையிலிருந்து கேமராவை எடுத்த வேகத்தில், ஜூம் வளையத்தைத் தொடாமலே எடுத்தவை. அதனால் எண்ணுவதென்றால் நல்ல படங்களை மட்டும் எண்ணுங்கள். எனக்கு அந்தக் கணக்கு காட்டியது ஜூம் இல்லாத ஒரு 35 மி.மீ. ப்ரைம் லென்ஸை. ஆனால் அதற்குள் ஓர் அல்ட்ரா வைடை வாங்கிவிட்டிருந்தேன். விற்ற எட்டில் அதுதான் முதலாவது.

இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு தவறு உண்டு. 10 மி.மீ.யில் தொடங்கி 300 வரை நடுவில் ஓர் எண்கூட விட்டுப்போகக் கூடாது என்று நினைத்து வாங்குவது. கையில் 18–55 இருக்கும், 70–300 இருக்கும். நடுவில் அந்த 55–70 இடைவெளி உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளி என்பது நாம் இரண்டடி முன்னால் வைப்பதுதான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை ஒரு 50 மி.மீ. லென்ஸிலேயே செய்து முடித்தார். எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பறவை எடுப்பவருக்கு 50ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. ஆனால் எண்வரிசையை நிரப்புவதற்காக மட்டும் வாங்கிய லென்ஸ் எதுவும் என் பையில் ஒரு வருடம் தாண்டியதில்லை.

சரி, அபெர்ச்சருக்கு வருவோம். பணம் அதிகம் போவது இங்கேதான். 200 மி.மீ. லென்ஸ் எஃப் 4 என்றால் ஒளி நுழையும் வாயின் விட்டம் அந்த 200இல் நான்கில் ஒரு பங்கு, 50 மி.மீ. அதே 200 எஃப் 2.8 ஆனால் விட்டம் 71 மி.மீ.; பரப்பளவு இரண்டு மடங்கு. முன்பக்கக் கண்ணாடி பெரிதாகும்போது அதைப் பிழையில்லாமல் தேய்த்து உருவாக்கும் செலவு, தாங்கும் உலோகம், நகர்த்தும் மோட்டார் எல்லாம் கூடவே பெரிதாகின்றன. கேனானின் 70–200 எஃப் 4 ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) முதல் பதிப்பு 760 கிராம். அதே நிறுவனத்தின் எஃப் 2.8 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். விலையும் பெரும்பாலும் இதே போக்கில்தான் ஏறும். இத்தனைக்கும் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 3200க்கு ஏற்றினால் அதே வெளிச்சக் கணக்கு வந்துவிடும். இன்றைய சென்சார்களில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் படத்தைப் பெரிதாக்கித் தேட வேண்டும். 50 மி.மீ. ப்ரைம்களில் எஃப் 1.8க்கும் 1.4க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப்தான். அதற்குப் பல மடங்கு விலை கொடுக்கிறோம்.

அந்த ஒரு ஸ்டாப் வீண் என்று சொல்லிவிட முடியாது. அரங்கத்துக்குள் நடனம் எடுப்பவர், விளக்கொளியில் விளையாட்டு எடுப்பவர், பின்னணி இன்னும் கரைய வேண்டும் என்று நினைப்பவர் எல்லோருக்கும் அது தேவை. பகலில் மலையும் தெருவும் எடுப்பவர் எஃப் 8இல் வைத்துத்தான் எடுக்கப்போகிறார். அவர் ஏன் ஒன்றரைக் கிலோவைச் சுமக்க வேண்டும்? கனமான லென்ஸ் வீட்டிலேயே தங்கிவிடும். அது இல்லாமல் வெளியே போன ஒவ்வொரு நாளும் அதற்குக் கொடுத்த பணத்தில் கழிவுதான்.

மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் அமைப்பு, அந்த விஷயத்தில் யோசிக்காமல் இறங்கினால் இழப்பு மொத்தமாக வரும். கேமரா பாடி நாலைந்து வருடத்தில் மாறும். லென்ஸ்களோ ஒரே மவுண்ட்டில் சேர்ந்துகொண்டே போகும். நிகான் எஃப் மவுண்ட் 1959இல் வந்து இத்தனை தலைமுறையைப் பார்த்துவிட்டது. அதே நிறுவனம் 2011இல் கொண்டுவந்த நிகான் 1 வரிசை 2018இல் நின்றுபோனது. கேனான் 2012இல் இஎஃப்-எம் மவுண்ட்டைக் கொண்டுவந்தது, 2018இல் ஆர்எஃப் மவுண்ட்டையும் கொண்டுவந்து, பிறகு இஎஃப்-எம்மைக் கைவிட்டுவிட்டது. நடுவில் இணைப்பு வளையமாக ஓர் அடாப்டர் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கு மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் இடம் கொடுக்க வேண்டும். கேனானின் பழைய இஎஃப் மவுண்ட்டில் அந்தத் தூரம் 44 மி.மீ., ஆர்எஃப்பில் 20. நடுவில் 24 மி.மீ. இருப்பதால் அடாப்டர் உட்கார்ந்துகொள்கிறது. இஎஃப்-எம்மிலோ அது 18தான். ஆர்எஃப் பாடியில் அதை வைக்க இடமே இல்லை.

அடாப்டர் பொருந்தினாலும் எல்லாம் வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். நிகானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றை மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) பாடியில் மாட்ட அவர்கள் தரும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் கிடையாது. அப்படி மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியவர்களுக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

"என்றைக்காவது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்குப் போவேன், இப்போதே அதற்கான லென்ஸ் வாங்கிவைக்கிறேன்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 24–70ஐச் சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி பாடியில் போட்டால் அது 36–105 மாதிரி நடந்துகொள்ளும். வைட் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட இன்னொரு லென்ஸ் வாங்குவீர்கள். இன்றைக்கு இருக்கும் பாடிக்கு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதை நான் மனதாரச் சொல்வேன். நல்ல நிலையில் வாங்கிய பழைய லென்ஸை இரண்டு வருடம் கழித்துக் கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்க முடியும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஒரு 85 மி.மீ.யைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன், பளிச்சென்றிருந்தது. வாங்கியும்விட்டேன். வீட்டில் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய கிளைகள். பூஞ்சை. சரிசெய்யக் கேட்ட கூலி லென்ஸின் விலையைத் தொட்டது. போதாததற்கு, பூஞ்சை கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

ஆக, டார்ச் இல்லாமல் போகாதீர்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். விரித்த செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, நேராக நின்று ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் நகர்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆனால் உள்ளே நாலு தூசி தெரிகிறது என்று நல்ல லென்ஸை வேண்டாமென்று சொல்வதும் தவறுதான். தூசி படத்தில் தெரியவே தெரியாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை ஃபில்டர்களில் நடக்கிறது. ஃபில்டர் மாட்டும் முகப்பின் விட்டம் ஒரு லென்ஸுக்கு 52 மி.மீ., அடுத்ததற்கு 67, அதற்கடுத்ததற்கு 77 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வாங்க வேண்டியதில்லை. இருப்பதிலேயே பெரிய அளவுக்கு நல்லதாக ஒன்று, மற்றவற்றில் அதை மாட்ட ஸ்டெப்-அப் ரிங் என்ற வளையம். அது போதும்.

மறக்கக் கூடாத செலவு ஒன்று உண்டு: பாதுகாப்பு. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40–50 சதவீதத்தில் வைத்திருந்தால் கவலையில்லை. 60ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். லென்ஸோடு வந்த தோல் உறைக்குள்ளேயே பூட்டிவைப்பது அதற்கு வீடு கட்டிக்கொடுப்பது மாதிரி.

சின்னப் பொருளை மிக அருகில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ ஆசை வந்தால் உடனே மேக்ரோ லென்ஸ் வாங்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டால், ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவில்) வைத்தாலே பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் அது. ஒரு மாதம் எறும்பையும் பூவையும் அதில் எடுத்துப் பார்த்து, அப்போதும் ஆசை தணியவில்லை என்றால் வாங்கலாம். தூரத்தை அருகில் காட்டும் டெலிஃபோட்டோவுக்கு வாடகை அதே வேலையைச் செய்யும்.

இப்போதெல்லாம் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். லென்ஸ் இல்லாததால் ஒரு படம் தவறிப்போனால் அன்றைக்கே எழுதிவிடுவேன்: என்ன படம், எது போதவில்லை. கடைசியாக எழுதியது, "மீன்கொத்தி, 200 பத்தவில்லை." இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது. ஐந்து தடவை வந்தால் ஒரு வாரம் 400 ஒன்றை வாடகைக்கு எடுப்பதாக இருக்கிறேன்.