குலாங்யூ தீவில் ஒரு வாரயிறுதி: கடலோர மின்சுவில் தங்குவது எப்படி?

சீனத்தின் ஃபூஜியென் மாகாணத்தில், சியாமென் நகருக்கு நேர் எதிரே ஒரு சின்னத் தீவு. பெயர் குலாங்யூ. குலாங் என்றால் முரசு, அலை. கரையோரத்துப் பாறைத் துளையில் அலை மோதும்போது முரசு கொட்டுவது போலக் கேட்டதால் வந்த பெயர். மொத்தப் பரப்பே 1.88 சதுர கிலோமீட்டர்தான். கார் கிடையாது, மிதிவண்டிகூடக் கூடாது. பழைய மாளிகைகள் பல இப்போது விருந்தினர் இல்லங்கள். சீனர்கள் இவற்றை 'மின்சு' என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தெற்குச் சீன நகரமான ஷென்ஜென்னில் வேலை பார்க்கும் நாங்கள் இதுவரை மூன்று முறை போய்வந்தோம். முதல் முறை, பணம் கட்டிய மின்சுவின் முற்றத்தில் இரவு பதினொரு மணிக்கு, தூங்கிவிட்ட மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றோம். அறைச் சாவி கைக்கு வர ஒன்றரை மணி நேரமானது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த ஒன்றரை மணி நேரம்தான். விசா எடுப்பது, விமானம் பிடிப்பது பற்றி இங்கே எழுதவில்லை. சீனாவுக்குள் வந்துவிட்டீர்கள், ஒரு வாரயிறுதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த வாரம்?

அக்டோபர் 1 முதல் ஒரு வாரமும், மே தின விடுமுறையும் வேண்டவே வேண்டாம். நாடே பயணத்தில் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், புயல் எச்சரிக்கை வந்தால் படகு நின்றுவிடும். மார்ச், ஏப்ரலில் மூடுபனி, அதற்கும் படகு நிற்கும். அந்த மாதங்களில் தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டு வீட்டுச் சுவரும் தரையும் வியர்த்து ஒழுகும். ஹுயி நான் தியென் என்பார்கள். அப்போது தரைத்தள அறை எடுத்தால் போர்வைகூட ஈரமாகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்த மாதம் நவம்பர். குளிக்கக் கடல் குளிர்ச்சிதான், ஆனால் வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு.

படி 2: கைபேசியைத் தயார் செய்யுங்கள்

பணம் கட்டப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டிலும் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட கட்டணத்துக்குக் கூடுதல் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம். வழி பார்க்க ஏமேப் செயலிதான் என் தேர்வு. கூகுள் வரைபடம் சீனாவில் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். சந்துகள் பின்னிக் கிடக்கும் இந்தத் தீவில் சில நூறு மீட்டர் என்பது வேறொரு குன்று. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங் இணையம் இருந்தால் வாட்ஸ்அப்பும் கூகுளும் வேலை செய்யும். விடுதியின் வைஃபையில் செய்யாது.

படி 3: அறை தேடுவதும், பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வியும்

ஏர்பிஎன்பி 2022-இல் சீனாவுக்குள் வீடு தருவதை நிறுத்திவிட்டது. அதனால் ட்ரிப்.காம் முன்பதிவுத் தளம்தான். உள்ளூர்ச் செயலிகளில் விலை கொஞ்சம் குறையலாம், ஆனாலும் முதல் முறை போகிறவர்களுக்கு நான் அவற்றைச் சொல்லமாட்டேன். வெளிநாட்டவரை ஏற்பார்களா என்ற விவரம் அங்கே சீன எழுத்தில் எங்கோ கீழே இருக்கும்.

இந்த விவரம் ஏன் இவ்வளவு முக்கியம்? சீனாவில் தங்கும் ஒவ்வொரு வெளிநாட்டவரின் விவரத்தையும் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குடிவரவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. விடுதி என்றால் பதிவு அவர்கள் பொறுப்பு. நண்பர் வீடு போன்ற இடமென்றால் 24 மணி நேரத்துக்குள் நாமோ வீட்டுக்காரரோ செய்ய வேண்டும். பெரிய ஹோட்டல்களுக்கு இது அன்றாட வேலை. ஐந்தாறு அறைகளை வைத்து நடத்தும் மின்சுக்காரர் பலருக்குப் பழக்கமே இருக்காது. உள்ளூர்க்காரர் வந்தால் அடையாள அட்டையைக் கருவியில் வைத்தால் முடிந்தது. நாம் வந்தால் பெயர், கடவுச்சீட்டு எண், விசா எண், நாட்டுக்குள் வந்த நாள் என எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். தவறினால் தண்டம் வருமோ என்ற பயம் அவர்களுக்கு. வெளிநாட்டவரைத் தங்கவைக்கத் தனி உரிமம் எதுவும் வேண்டாம், அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று 2024-இல் மத்திய அரசுத் துறைகள் தெளிவாகவே அறிவித்தன. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு வாசலில் நின்று அறிவிப்பைக் காட்டி வாதாடுவதைவிட, முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பணம் கட்டும் முன் அனுப்ப வேண்டிய செய்தி இது. சீனத்துக்கு மொழிபெயர்த்து அனுப்புங்கள். வாக்கியங்களைச் சின்னதாக வைத்தால்தான் மொழிபெயர்ப்பு பிழையில்லாமல் வரும்:

"வணக்கம். நாங்கள் இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை. எங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. எங்களைக் காவல்துறையில் பதிவு செய்ய உங்களால் முடியுமா? இதற்கு முன் வெளிநாட்டவரைப் பதிவு செய்திருக்கிறீர்களா?"

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'கேயி' என்று பதில் வரும், முடியும் என்று பொருள். சிலர் 'யிங்காய் கேயி' என்பார்கள். முடியும்போலத்தான் இருக்கிறது என்ற அளவுதான் அதற்குப் பொருள். முதல் முறை எனக்கு வந்தது அந்தப் பதில்தான். அதை நம்பிப் பணம் கட்டினேன். இப்போதெல்லாம் 'யிங்காய்' என்று வந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கிறேன்.

அடுத்த சிக்கல் நம் தமிழ்ப் பெயர். முன்பதிவில் என் பெயரை வழக்கம்போல முன்னெழுத்தோடு போட்டிருந்தேன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயர். வீட்டுக்கார அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கணவருக்கு அவருடைய அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். ஒரே குடும்பம் என்று சொல்ல ஒரு பெயர்கூடப் பொருந்தவில்லை! அவர் மேல் தவறே இல்லை. தெரியாத வேலையைத் தப்பாகச் செய்துவிடக் கூடாதே என்று பதறினார். கடைசியில் எங்களை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கே வந்தார். அங்கிருந்த அதிகாரி பத்து நிமிடத்தில் பதிவை முடித்துக் கொடுத்தார்.

அதனால் பெயரை இப்படிப் போடுங்கள்: கடவுச்சீட்டுப் படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பின் வருவது உங்கள் பெயர். அதே எழுத்து, அதே வரிசை. முன்னெழுத்து வேண்டாம். அறை, ரயில், படகு மூன்றுக்கும் இதுதான்.

பதில் சரியாக வந்தால் வீசாட்டில் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, படப் பக்கம், விசாப் பக்கம், கடைசியாக நாட்டுக்குள் வந்த முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் படங்களை அனுப்பிவிடுங்கள். வேலைக்கு வந்தவர்கள் விசாவுக்குப் பதில் வசிப்பு அனுமதிப் பக்கத்தை அனுப்ப வேண்டும். இரண்டாவது முறை நாங்கள் போய்ச் சேரும் முன்பே விவரங்களை நிரப்பி வைத்திருந்தார்கள். பெட்டியை வைத்துவிட்டு நேரே கடலுக்குப் போனோம்.

கடல் பார்த்த அறை கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சன்னலிலிருந்து எடுத்த காணொளி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிழக்குப் பக்க அறை என்றால் இரவில் சியாமென் நகர விளக்குகள் தெரியும். மேற்குப் பக்கம் அந்திக்கு நல்லது. பழைய மாளிகைகளில் லிஃப்ட் இருக்காது, முழங்கால் வலி உள்ளவர்கள் மாடி எண்ணையும் கேளுங்கள்.

படி 4: ரயில்

ஷென்ஜென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு 15 நாள் முன்பு திறக்கும். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுக் கிளம்புவதே என் பரிந்துரை. காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

சியாமென் வடக்கு நிலையம் நகரத் தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து மெட்ரோ 1-ஆம் தடம். நடுவில் கடலை ஒட்டித் தரைக்கு மேலே ஓடும் பகுதி வரும், மகள் மூன்று முறையும் சன்னலோரம் விடவில்லை. கடைசி நிலையமான ஜென்ஹாய் சாலையில் இறங்குங்கள்.

படி 5: எந்தத் துறை?

வரைபடத்தில் பார்த்தால் குலாங்யூவுக்கு மிக அருகில் இருப்பது லுன்து துறை. எதிரே தீவு, இடையில் அறுநூறு மீட்டர் தண்ணீர். பகலில் பெட்டியோடு அங்கே போய் நிற்காதீர்கள். 2014 முதல் பகல் நேரத்தில் அந்தத் துறை உள்ளூர் மக்களுக்கு. சுற்றுலாப் பயணிகள் வடக்கே தொங்து பக்கம் உள்ள பன்னாட்டுக் கப்பல் முனையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து படகுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம், போக வர 35 யுவான். வார இறுதியில் முன்பே வாங்காவிட்டால் நேரம் கிடைப்பது கடினம்.

இருட்டிய பிறகு எல்லோரும் லுன்து துறையிலேயே ஏறலாம். வெள்ளிக்கிழமை கிளம்பச் சொன்னது இதற்காகத்தான். ஜென்ஹாய் சாலை மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம், சில நிமிடத்தில் அக்கரை. எதிர்ப் படகில் நாள் சுற்றுலா வந்தவர்கள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். நேரங்கள் பருவத்துக்கேற்ப மாறும், கிளம்பும் அன்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு கையிலேயே இருக்கட்டும், படகுச்சீட்டும் பெயர் போட்டதுதான்.

ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். சக்கரப் பெட்டியைக் கல்படிகளில் இழுப்பது பெரும்பாடு. கைவண்டியில் சுமை ஏற்றித் தருகிறவர்கள் துறையருகே இருப்பார்கள், விலையை முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

படி 6: போய்ச் சேர்ந்த பிறகு

கடவுச்சீட்டைக் கொடுங்கள், பதிவு முடிந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், முன்பணம் கேட்டால் கட்டுங்கள். அதன்பின் வீட்டுக்காரர் தேநீர் மேசைக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். விரலளவு கோப்பையில், திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் தேநீருக்கு 'தே' என்றே பெயர். நம் தேயிலையில் இருக்கும் 'தே' இந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சொல்.

தீவில் இரவு தங்குவதன் பலன் விடிகாலையில்தான் தெரியும். முதல் சுற்றுலாப் படகு வரும் வரை சந்துகளில் பெருக்குமாற்றுச் சத்தம், பறவைகள், அவ்வளவுதான். ஆறு மணிக்கு காங்ஸைஹோ கடற்கரைக்குப் போங்கள். ஆனால் முந்தைய இரவே ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். இங்கே சராசரியே 4 மீட்டர் அளவு. காலையில் மணல்வீடு கட்டிய இடம் மதியம் தண்ணீருக்குள் இருக்கும். பாறைகளில் உட்காரும்போது குழந்தைகளைக் கண்ணிலேயே வைத்திருங்கள்.

சாப்பாடு: ஷாச்சா நூடுல்ஸ் இந்த ஊரின் பெருமை. தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்கப் போன ஃபூஜியென்காரர்கள் திரும்பும்போது கொண்டுவந்த சாத்தே மசாலாவில் செய்வது. வேர்க்கடலை வாசம் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சைவர்கள் கவனம், மேலே காய்கறி மட்டும் போட்டாலும் குழம்பில் இறால் இருக்கும். சைவத்துக்குச் சியாமென் கரையில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய நான்புத்துவோ பௌத்தக் கோயில் உணவகம்தான். என் மாமியார் வந்தபோது இரண்டு வேளையும் அங்கேயே சாப்பிட்டோம்.

பின்சேர்க்கை 1: கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது, தளம் ஏற்க மறுக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ரயிலுக்கு எளிய வழி, நிலையக் கவுன்டரில் கடவுச்சீட்டைக் கொடுத்து வாங்குவது. அவர்களே பார்த்து நிரப்புவார்கள். அறைக்கு, படப் பக்கத்தை வீட்டுக்காரருக்கு அனுப்பி, முன்பதிவில் எந்தப் பெயர் இருக்கிறது என்றும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். சிங்கப்பூருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து, மலேசியாவுக்கு 2025 ஜூலையிலிருந்து அந்த உடன்பாடு நடப்பில் இருக்கிறது. விசா இல்லாவிட்டாலும் தங்குமிடப் பதிவு உண்டு. விசாப் பக்கத்துக்குப் பதிலாக வருகை முத்திரையைக் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு. காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டு, ரயிலில் அரைமணி, முக்கால் மணி நேரத்தில் சுவான்ஜோ போய்விடலாம். சோழநாட்டு வணிகர்கள் வந்துபோன துறைமுகம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். அங்கிருந்தே ஷென்ஜென்னுக்கு ரயில் உண்டு. நேரம் குறைவென்றால் கையுவான் கோயில் ஒன்றை மட்டும் பாருங்கள். இடிந்துபோன இந்துக் கோயிலின் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டை அங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர். தூணிலும் இருப்பார் என்று பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பெரிய மண்டபத்தின் முன்வாசலோடு திரும்பிவிடாதீர்கள், அந்தத் தூண்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருக்கின்றன.