டெல்டா மண்ணில் 400 மீட்டர் தடை ஓட்டம்: பெண் பிள்ளைகளுக்குப் பழக்கும் விதம்

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். வெண்கலம் 55.41-க்குப் போய்விட்டது. அந்தத் தேசியச் சாதனையை வித்யா ராம்ராஜ் சமன் செய்யவே 2023 ஆனது. இந்த ஓட்டத்தில் நேரம் கசிவது பெரும்பாலும் அடிக்கணக்கு, அதாவது தடைகளுக்கு நடுவே வைக்கும் காலடிகளின் எண்ணிக்கை, தப்புவதால்தான். வேகத்துக்கு முன்னால் அதைப் பழக்குங்கள்.

முதல் தடை 45 மீட்டரில். அதன்பின் 35 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் பத்து. கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். ஊர்ப் பள்ளி மைதானத்தில் நேராக 130 மீட்டர் கிடைத்தாலே மூன்று தடை வைக்கலாம். கற்றுக்கொள்ள அது போதும். கயிறு இழுபடும், டேப்பால் அளந்து சுண்ணாம்பு போடுங்கள். உயரம் 76.2 செ.மீ. மூங்கிலில் செய்தால் குறுக்குக் கம்பைக் கட்டவே கூடாது. ஓடி வருபவள் தாண்டி இறங்கும் பக்கத்து ஆணிமேல் சும்மா வையுங்கள், கால் பட்டதும் விழட்டும். இரும்புத் தடை என்றால் அதன் அடிக்கால்கள் ஓடி வருபவள் பக்கம் நீண்டிருக்க வேண்டும். திருப்பி வைத்தால் சாயாது, முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

புதிதாகப் பழகுபவளுக்குத் தடைகளுக்கு நடுவே 17 காலடி சரிவரும். ஒற்றைப்படை என்றால் எப்போதும் ஒரே கால் முன்னே போகும். ஆனால் ஆறாவது, ஏழாவது தடையில் களைப்பு வந்து 18 ஆகும், கால் மாறும். ஒரு காலை மட்டும் பழக்கியவள் அங்கேதான் தடுமாறி நிற்பாள். இரண்டையும் முதல் மாதத்திலேயே பழக்குங்கள். வளைவில் இடது கால் முன்னே போவது நல்லது. வலது போனால் இடது பின்கால் தடைக்கு உட்பக்கமாகத் தொங்கும். கம்பின் மட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் போனால் தகுதி நீக்கம். தடைக்குச் சுமார் 2 மீட்டர் முன்பே எழும்ப வேண்டும். ஒட்டி வந்தால் தாவல் மேல்நோக்கிப் போய் வேகம் செத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் களிமண் ஸ்பைக்ஸில் (ஆணி வைத்த ஓட்டக் காலணியில்) அப்பும். அந்த நாட்களில் தடையை விட்டு, சிமெண்ட் தளத்தில் நடந்தபடியே பின்காலைத் தாண்டவைக்கும் பயிற்சி போதும். கோடையில் மண் வெடிக்கும். வெடிப்பில் மணல் நிரப்பாமல் ஓடவிட்டால் கணுக்கால் பிசகும். மேட்டூர் அணையை அடைத்து ஆறு வற்றியபின் ஆற்றுமணலில் வாரம் ஒருநாள் 60 மீட்டர், ஆறு முறை ஓடலாம். மிஞ்சினால் குதிகால் தசைநாண் வலிக்கும். மணல் அள்ளிய பள்ளத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

ஓட்டம் திடீரென்று மந்தமானால் திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. சாப்பிட்டதும் டீ குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது.

முடிவுக் கோட்டில் கணக்கு உடலுக்குத்தான். தலைக்கும் கைக்கும் இல்லை. களைத்த நிலையிலேயே கடைசி 40 மீட்டரை ஓடவைத்து, கடைசி அடியில் மார்பை முன்தள்ளப் பழக்குங்கள். மூன்று காலடி முன்பே குனிந்தால் நடை குறுகி, எட்டிப் பிடித்த நேரமும் போய்விடும்.