பட்டியலில் தெரியும் கேமரா ஏன் திறக்கவில்லை? ஐபி கொடுப்பது எப்படி

தொழிற்சாலை லைனில் பாகங்களைச் சோதிக்கும், லேன் கேபிளில் கணினியோடு இணையும் கிக்-ஈ விஷன் கேமராவை முதன்முதலாக மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முழிப்பார்கள். மென்பொருளில் கேமராவின் பெயர் வருகிறது, திறக்கப் போனால் பிழை. உடனே கேபிளை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். பெயர் வருகிறது என்றாலே கேபிள் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

மென்பொருள் கேமராவைத் தேடும்போது யூடிபி 3956 போர்ட்டில் எல்லோருக்கும் பொதுவாகக் குரல் கொடுக்கும். ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, பொருந்தாத கேமராவும் அதற்குப் பதில் சொல்லிவிடும். ஆனால் கேமராவைத் திறந்து படம் எடுக்க, கணினியும் கேமராவும் ஒரே சப்நெட்டில் இருந்தாக வேண்டும். இங்கே நாம் கொடுக்கப்போகும் மாஸ்க்குக்கு, ஐபியின் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

முதலில் கணினியைச் சரிசெய்வோம். கேமரா மாட்டியிருக்கும் லேன் போர்ட்டின் ஐபிவி4 அமைப்பைத் திறந்து 192.168.10.1 என்று கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாகவே இருக்கட்டும்.

அடுத்து கேமரா. உங்கள் கேமராவோடு வந்த ஐபி அமைக்கும் கருவியைத் திறங்கள். பேஸ்லர் நிறுவனக் கேமரா என்றால் பைலான் ஐபி கான்ஃபிகரேட்டர். புதுக் கேமரா பெரும்பாலும் 169.254 என்று தொடங்கும் ஐபியைக் காட்டும். தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் எதுவும் கிடைக்காததால் தானே எடுத்துக்கொண்ட முகவரி அது. அதை நிலையான ஐபிக்கு மாற்றி 192.168.10.11 என்று கொடுத்து, அதே மாஸ்க்கையும் போட்டுச் சேமியுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். பல கருவிகளில் 'ஃபோர்ஸ் ஐபி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கேமரா உடனே திறந்துவிடும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அது தற்காலிகம்தான். பவர் போய் வந்தால் பழைய நிலைதான். ஒரு நாள் மாலை அப்படி வைத்துவிட்டுப் போனேன். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள். காலை ஷிஃப்டில் லைன் ஓடவில்லை, ஏழு மணிக்கே போன் வந்துவிட்டது.

அதனால் சேமித்ததும் கேமராவின் பவரைக் கழற்றி மாட்டுங்கள். லேன் கேபிள் வழியாகவே பவர் எடுக்கும் பிஓஇ கேமரா என்றால் அந்தக் கேபிளைக் கழற்றி மாட்டினாலே போதும். அரை நிமிடம் பொறுத்து மறுபடி தேடுங்கள். 192.168.10.11 என்றே வந்தால் சரி. அப்புறம் திறந்து படம் வருகிறதா பாருங்கள்.

இரண்டாவது கேமராவை ஸ்விட்ச் வழியாக அதே போர்ட்டில் சேர்த்தால் 192.168.10.12 கொடுக்கலாம். கணினியின் வேறொரு லேன் போர்ட்டில் மாட்டினால் அந்தப் போர்ட்டுக்கு 192.168.20.1, கேமராவுக்கு 192.168.20.11. இரண்டு போர்ட்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால் எந்த வழியாக அனுப்புவது என்று விண்டோஸ் குழம்பும். ஒரு கேமரா ஓடும், இன்னொன்று அவ்வப்போது காணாமல் போகும்.

ஒரே மாடலில் நாலு கேமரா இருந்தால் எது எது என்று கேமராவின் மேல் அச்சிட்டிருக்கும் சீரியல் எண்ணையோ மேக் முகவரியின் (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள வன்பொருள் முகவரி) கடைசி எழுத்துகளையோ வைத்துப் பிரிக்கலாம். லைனில் ஏற்றும் முன்பே ஐபியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஏணி போட்டு ஏறிய பிறகு அந்தக் குட்டி எழுத்தைப் படிக்கவே முடியாது.