டெஸ்லாவின் படமும் எச்சரிக்கையும்: கோட்பாட்டு வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்பாட்டையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்கும் விமர்சனக் கோட்பாடுகளைப் படித்த கையோடு பலரும் முதலில் எடுத்துக்கொள்ளும் ஆள் மின்சாரக் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா டெஸ்லா. காரணம் புரிகிறது. மின்னல் போன்ற மின்பொறிகள் சூழ அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். போர், எந்திரம், இயற்கை வளம் பற்றி அவர் விடுத்த எச்சரிக்கைகளும் சுலபமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எச்சரிக்கை, நடுவில் அடோர்னோ, ஃபூக்கோ மாதிரி ஒரு கோட்பாட்டாளர். கட்டுரை தயார்.

இப்படிப்பட்ட கட்டுரைகளை வாசித்துத் திருத்தித் தருவது என் வேலைகளில் ஒன்று. முன்பு எங்கள் வட்டத்தில் எல்லோரும் வழுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இப்போது புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டைக் குழப்புவது, சம்பந்தமே இல்லாமல் எடிசன் சண்டையை இழுத்து வருவது போன்ற தவறுகளை இங்கே பேச வேண்டாம். அவை இரண்டாம் வாசிப்பிலேயே தட்டுப்பட்டுவிடும்.

‘ஏமாற்றுப் படம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவது

அந்தப் படம் 1899 டிசம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் டிக்கென்சன் ஆலி என்ற புகைப்படக்காரர். பொறி பறந்த நேரத்தில் டெஸ்லா அந்த நாற்காலியில் இல்லை. இருட்டில் பொறிகளைத் தனியாகவும், அவை அடங்கிய பிறகு அவர் உட்கார்ந்திருப்பதைத் தனியாகவும் ஒரே புகைப்படத் தகட்டில் பதித்தார்கள். டெஸ்லாவே இதைத் தன் ஆய்வுக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இது தெரியாதவர்கள் ‘இயற்கையை அடக்கிய மனிதன்’ என்று நாலு பக்கம் எழுதுகிறார்கள். தெரிந்தவர்கள் ‘ஏமாற்றுப் படம்’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். முதல் கூட்டத்தைத் திருத்திவிடலாம். இரண்டாவது கூட்டம்தான் கஷ்டம். குட்டை உடைத்துவிட்ட திருப்தியில் மேற்கொண்டு எதையும் பார்க்க மாட்டார்கள்.

பார்க்க நிறைய இருக்கிறது. முதலில், அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, கையில் இருப்பதை வாசித்துக்கொண்டு, தலைக்கு மேலே வெடிப்பதை ஏறிட்டும் பார்க்காமல் இருக்கிறார். பொறி அல்ல, அந்த அலட்சியம்தான் படத்தின் செய்தி. அடுத்து, இதை யார் பார்த்தார்கள்? 1900 ஜூனில் ‘செஞ்சுரி’ மாத இதழில், மனித ஆற்றலைப் பெருக்குவது பற்றி டெஸ்லா எழுதிய நீண்ட கட்டுரையோடு அந்த ஆய்வுக்கூடப் படங்கள் வெளிவந்தன. முதலீடு தேடிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே வங்கியாளர் ஜே. பி. மோர்கன், கம்பியில்லாமல் செய்தி அனுப்புவதற்கான டெஸ்லாவின் வார்டன்கிளிஃப் கோபுரத் திட்டத்துக்கு 1,50,000 டாலர் தர ஒப்புக்கொண்டார். படத்துக்கும் பணத்துக்கும் நடுவில் நேர்கோடு போடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் எந்தக் கூடத்து மேசையில் விரிந்து கிடந்திருக்கும் என்று யோசிக்காமல் எழுதுவது வாசிப்பே அல்ல.

அப்புறம், படத்தில் இல்லாதவர்கள். கோல்மன் சிட்டோ போன்ற உதவியாளர்கள் கூடவே இருந்து வேலை செய்தார்கள். சுவிட்சைப் போட ஒரு கை வேண்டும், தகட்டைச் செருக ஒரு கை வேண்டும். அந்தக் கைகள் எதுவும் சட்டகத்துக்குள் இல்லை. பல பேருடைய உழைப்பு ஒரே ஆளின் மேதைமையாக மாறிப்போகிறது. மார்க்ஸைத் துணைக்கு அழைக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் என் கைக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை மார்க்ஸை மோர்கனைத் திட்டுவதற்கு மட்டுமே கூப்பிடுகின்றன.

எச்சரிக்கையைக் கத்தரித்து எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1935 பிப்ரவரியில் ‘லிபர்ட்டி’ வார இதழில் போரை ஒழிக்கும் எந்திரம் பற்றி டெஸ்லாவின் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. அதில் மேற்கோள் காட்டத் தோதான வரிகள் ஏராளம். நாகரிகம் மிக்க நாடுகள் போருக்கு அதிகமாகவும் கல்விக்குக் குறைவாகவும் செலவழிக்கின்றன, 21-ஆம் நூற்றாண்டு இதைத் தலைகீழாக்கும் என்கிறார். நியூயார்க்கைச் சுற்றியுள்ள கடற்கரைகள் மாசுபட்டுக் கிடப்பதைச் சாடுகிறார். எந்திர யுகத்துக்கு நாம் இன்னும் பழகவில்லை, அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்கிறார். எந்திரத்தை உடைப்பதால் பயனில்லை, அதை ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொல்லும் தீர்வு.

ஒரு தொகுப்பு நூலுக்காக இந்த வரிகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. மூலதனத்தால் நசுக்கப்பட்டவர், சூழலியலின் முன்னோடி, அமைதியின் குரல் என்று டெஸ்லாவை அழகாக நிறுவியிருந்தார் கட்டுரையாளர். நடையும் நன்றாக இருந்தது. பக்க வடிவமைப்பு முடிந்து, முதல் படிவங்கள் அச்சுக்கும் போய்விட்டன. மெய்ப்புப் பார்த்தவர் ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் கேட்டார். அதைத் தேடி அன்றைக்குத்தான் மூலக் கட்டுரையை முழுதாகத் திறந்தோம்.

சில பத்திகள் தள்ளி, 2100-ஆம் ஆண்டுக்குள் யூஜெனிக்ஸ் (யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை ‘மேம்படுத்தும்’ கொள்கை) உலகெங்கும் நிலைபெற்றுவிடும் என்று இருக்கிறது. மனிதனுக்குப் புதிதாக வந்த இரக்க உணர்ச்சி இயற்கையின் களையெடுப்பில் குறுக்கிடுகிறதாம். ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறாமல் கருத்தடையால் தடுப்பதுதான் நாகரிகத்துக்குப் பொருந்தும் ஒரே வழியாம். குற்றவாளிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் சில நாடுகளும் சில அமெரிக்க மாநிலங்களும் ஏற்கெனவே இதைச் செய்துவருகின்றன, அது மட்டும் போதாது என்றும் சொல்கிறது அந்தக் கட்டுரை.

கட்டுரையாளரிடம் சொன்னோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “அந்தப் பகுதியைத்தான் நான் எடுக்கவே இல்லையே, நடுவில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் போச்சு” என்றார்.

மூன்று புள்ளி! 1907-இல் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படியொரு சட்டத்தைச் செல்லும் என்றது. 1933-இல் நாஜி ஜெர்மனி தன் சட்டத்தை இயற்றியது. 1935-இல் இந்த வாக்கியங்களை அச்சிடுவது தொலைதூரக் கனவு பற்றிய பேச்சு அல்ல, நடந்துகொண்டிருந்ததைப் பற்றிய பேச்சு. அதை மூன்று புள்ளிக்குள் போட்டு மூடிவிட்டு, மேலே ‘விமர்சன வாசிப்பு’ என்று தலைப்பு வைக்க எப்படி மனசு வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கட்டுரையை எடுத்துவிட்டோம். அச்சான படிவங்கள் பழைய பேப்பருக்குப் போயின. நூல் தள்ளிப்போனது. நேரத்துக்குக் கட்டுரை கொடுத்த மற்றவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நூல் தள்ளிப்போனதைவிட எனக்கு வருத்தம், கையில் இருந்த நல்ல கட்டுரை எழுதப்படாமல் போனதில்தான். அந்த இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காடு வளர்ப்பதையும், இயற்கை வளங்களை அறிவியல் முறையில் நிர்வகித்து வெள்ளத்தையும் வறட்சியையும் ஒழிப்பதையும் பேசுகிற அதே குரல், மனிதர்களையும் நிர்வகிக்க வேண்டிய இருப்பாகப் பார்க்கிறது. 1900-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இதற்கு விதை இருக்கிறது. அங்கே மனிதகுலம் முழுவதும் ஒரு நிறை. அதை ஒரு விசை முன்னே தள்ளுகிறது, இன்னொரு விசை தடுக்கிறது. அறியாமையும் மூளை மந்தமும் உராய்வு. பித்தும் மதவெறியும் எதிர்விசை. இயற்பியல் பாடப் புத்தகம் மாதிரியே போகிறது. உராய்வைக் குறைக்க வேண்டும் என்று 1900-இல் சொன்ன தர்க்கத்துக்கு 1935-இல் கருத்தடை ஒரு பொறியியல் தீர்வாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

ஜெர்மானியத் தத்துவவாதிகளான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் அமெரிக்காவில் அகதிகளாக இருந்தபடி 1940-களில் எழுதியது இதைப் பற்றித்தான். இயற்கையை ஆளப் புறப்பட்ட பகுத்தறிவு கடைசியில் மனிதனையே ஆளப்படும் பொருளாக்குகிறது. எச்சரிக்கை நல்லது, யூஜெனிக்ஸ் கெட்டது என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் இந்த வாதமே கையை விட்டுப் போய்விடும். இரண்டுக்கும் வேர் ஒன்று. எந்திரத்தை ‘ஆள’ வேண்டும் என்ற அந்த நல்ல வாக்கியத்திலேயே அது இருக்கிறது.

மறுபக்கம் சாய்ந்து ‘டெஸ்லா ஒரு நாஜி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் சோம்பேறித்தனம்தான். அந்தக் காலத்தில் யூஜெனிக்ஸ் பல்கலைக்கழகங்களிலும் நீதிமன்றங்களிலும் மரியாதையோடு புழங்கிய பேச்சு. இன்னொன்றும் உண்டு: அந்தக் கட்டுரை டெஸ்லா சொல்ல, ஜார்ஜ் சில்வெஸ்டர் வீரெக் எழுதியது. வீரெக் ஜெர்மனிக்காகப் பிரச்சாரம் செய்தவர். வெளிநாட்டு முகவராகப் பதிவு செய்தபோது விவரங்களை மறைத்தார் என்று பின்னாளில் தண்டிக்கப்பட்டவர். எந்த வாக்கியம் யாருடையது என்று அறுதியிட முடியாது. ஆகவே ‘டெஸ்லா சொன்னார்’ என்பதற்குப் பதில் ‘டெஸ்லாவின் பெயரில் அச்சானது’ என்று எழுதப் பழகுங்கள். ஆசிரியன் என்பவன் யார் என்ற ஃபூக்கோவின் கேள்வியை இங்கே தாராளமாகக் கேட்கலாம்.

மூலம் இல்லாத மேற்கோள்

பிரபஞ்ச ரகசியம் வேண்டுமானால் ஆற்றல், அதிர்வெண், அதிர்வு என்று யோசியுங்கள் என டெஸ்லாவின் பெயரில் சுற்றிவரும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எல்லாப் படமும் ஒரே படம் என்று நினைப்பது

கொலராடோ படத்தைப் பற்றித் தொடங்கி, நடுவில் 1931 ‘டைம்’ இதழின் அட்டைப்படத்துக்குத் தாவுகிறார்கள். அது ஒரு ஓவியம். வில்மா ல்வோஃப்-பார்லாகி என்ற ஓவியர் 1916-இல் வரைந்தது. டெஸ்லாவின் 75-ஆவது பிறந்தநாளையொட்டி அட்டைக்கு வந்தது. செர்பியாவின் 100 தினார் நோட்டிலும் அவர் முகம் உண்டு. 2023 முதல் குரோவேஷியாவின் 10, 20, 50 சென்ட் யூரோ நாணயங்களிலும் உண்டு. இன்றைய குரோவேஷியாவில், செர்பியக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கக் குடிமகனான ஒருவரின் முகத்தை இரண்டு நாடுகள் பணத்தில் அச்சடித்திருக்கின்றன. தேசியத்தை வைத்து எழுத விரும்புகிறவர்கள் அந்த நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மின்பொறிப் படத்தை விட்டுவிடுங்கள்.

கோட்பாட்டாளர் பட்டியல்

ஒரு கட்டுரைக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர்.